பட்டு நூலும் பறிபோகும் உயிரும்



கமண்டல நாக நதிக்கரையில் அமைந்த ஆரணி நகரின் தெருக்களில் நடந்து சென்றவர்கள் தறியின் ஓசையை அறிவார்கள். ஒரு வீட்டில் பாவு புணைந்து கொண்டிருப்பார்கள். அடுத்த வீட்டில் பெண்மக்கள் தார் சுற்றிக் கொண்டிருப்பார்கள். இவ்வூர்ப் பட்டுச் சேலையின் பெயர் நாடெங்கும் பரவியிருக்கிறது. அதை நெய்கிறவரும், நூல் விற்பவரும், சாயம் தோய்ப்பவரும், சேலையைக் கொண்டுபோய் விற்பவரும் பல சமயத்தவர். எனினும் அவர்கள் அனைவருடைய அடுப்பும் எரிவது ஒரே இழையை நம்பித்தான்.

அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து மக்கள் கலைந்த பின்னர், அவ்வூரைச் சேர்ந்த ஓர் இளைஞர் எம்மருகே வந்து அமர்ந்தார். பட்டு நூல் கடை ஒன்றில் நூலை எடை போட்டுக் கொடுப்பது அவருடைய வேலை. தயங்கித் தயங்கி அவர் கேட்டார்: "ஹஜ்ரத்! ஒரு சேலைக்காக ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொல்கிறார்கள் என்று சொல்கிறார்கள். உயிரோடிருக்கும் புழுவை வெந்நீரில் போடுகிறார்களாமே? அந்த நூலை எடை போட்டு நான் பெறும் கூலி ஹலால்தானா? இந்த வேலையை விட்டுவிடட்டுமா?" அவருக்கு வயதான தாயார் இருக்கிறார், மணமாகாத தங்கை ஒருத்தி இருக்கிறாள். அந்தக் கூலியை நம்பித்தான் அந்தக் குடும்பம் நடக்கிறது.

இது எளிதில் ஒதுக்கித் தள்ளத்தக்க கேள்வியன்று. புழுதானே என்று சிரித்து விடுவது அறிவுடைமையாகாது. உண்ணவும் கொடாமல், தானே இரை தேடிக்கொள்ளவும் விடாமல் ஒரு பூனையைக் கட்டிவைத்துச் சாகவிட்ட பெண் அதன் பொருட்டுத் தண்டனைக்குள்ளானாள் என்பதும், தம்மைக் கடித்த ஓர் எறும்பின் பொருட்டு எறும்புக் கூட்டத்தையே எரித்த முற்காலத்து நபி ஒருவர் இறைவனால் கண்டிக்கப்பட்டார் என்பதும் நாம் நன்கறிந்த நபிமொழிகள். எறும்பின் பெயராலும் தேனீயின் பெயராலும் சிலந்தியின் பெயராலும் அத்தியாயங்களைக் கொண்ட திருமறையை ஓதும் சமுதாயம், ஒரு புழுவின் சாவைப் பற்றிச் சிந்திக்கவும் கடமைப்பட்டதே. ஆகவே அந்த இளைஞருக்குச் சொன்னதைச் சற்று விரிவாக உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில் நடப்பது என்னவென்று அறிவோம். அறியாமல் ஆகும் ஆகாது என்று கூறுவது முறையன்று. பட்டுப் புழு முட்டையிலிருந்து வெளிவந்த நாள் முதல் முசுக்கொட்டை இலையையே உணவாகக் கொள்கிறது. ஏறத்தாழ 25 நாட்களில் நான்கு முறை தோலுரிக்கிறது. பிறந்தபோது இருந்ததைப் போலப் பல்லாயிரம் மடங்கு எடை கூடுகிறது. பிறகு இலையை வெறுத்துத் தலையை உயர்த்தி, தன் வாயிலிருந்து ஊறும் நீரை இழையாக்கித் தன்னைச் சுற்றியே கூடு கட்டிக் கொள்கிறது. மூன்று நாட்களில் வேலை முடிகிறது. ஒரு நல்ல கூட்டிலிருக்கும் இழை ஏறத்தாழ 1000 மீட்டர் நீளமுடையது. அத்தனையும் இடையில் அறாத ஒரே இழை!

கூட்டுக்குள் புழு கூட்டுப்புழுவாக மாறுகிறது. பத்துப் பன்னிரண்டு நாட்களில் அந்துப்பூச்சியாகி, ஒருவகை நீரை உமிழ்ந்து கூட்டின் முனையை இளக்கி, துளையிட்டு வெளியேறுகிறது. அங்ஙனம் வெளியேறினால் இழை துண்டு துண்டாகிவிடும். அதை நீளமாக இழுத்தெடுக்க இயலாது. ஆகவே பூச்சி வெளிவருமுன் கூட்டுக்கு நீராவியோ, வெப்பக் காற்றோ, வெயிலோ காட்டி உள்ளிருக்கும் உயிரை மாய்க்கிறார்கள். பின்னர் கூடுகளை வெந்நீரிலிட்டுப் பசையை இளக்கி, நுனி கண்டு, பல கூடுகளின் இழைகளை ஒன்றாக்கி நூற்கிறார்கள். சில சிறு பட்டறைகளில் அன்று வாங்கிய கூட்டை நேரே வெந்நீரில் இடும் வழக்கமும் உண்டு.

கணக்கையும் பாருங்கள். ஒரு கிலோ கோராப் பட்டுக்குச் சுமார் 7 கிலோ கூடு வேண்டும். ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 500 முதல் 600 கூடுகள் நிற்கும். சேலை ஒன்றில் அரைக் கிலோ பட்டு இருப்பதாகக் கொண்டால், அதற்கு ஈராயிரம் உயிர்கள் ஈடாகின்றன. அந்த இளைஞர் கேள்விப்பட்ட எண்ணிக்கை பொய்யன்று.

இனி, சட்டம் என்ன கூறுகிறது? இக்கேள்வி இன்று பிறந்ததன்று. நம் அறபு மதரஸாக்களில் ஓதப்படும் 'ஹிதாயா' நூலிலேயே பட்டுப் புழுவையும் அதன் முட்டையையும் விற்கலாமா என்ற விவாதம் இருக்கிறது. இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள் அதை அனுமதிக்கவில்லை. அவர்களுடைய மாணவர் இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்கள், மக்கள் பயன்பெறும் பொருள் என்பதால் அனுமதித்தார்கள். கூடுகளை வெயிலில் இட்டு உள்ளிருக்கும் உயிரை மாய்ப்பது பற்றியும் ஹனஃபி சட்ட நூல்கள் பேசுகின்றன. மக்களுக்கு அதில் பயன் இருப்பதால் குற்றமில்லை என்பதே அவற்றின் தீர்ப்பு. ஆக, பட்டுத் தொழில் ஆகுமானது. நூலை எடை போட்டுக் கொடுப்பவரின் கூலியும் ஆகுமானது. இதை அந்த இளைஞருக்குத் தெளிவாகச் சொன்னோம்.

ஆனால் இத்துடன் பேச்சு முடிந்துவிடுவதில்லை. அந்தத் தீர்ப்பு எந்தக் காரணத்தின் மீது நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். 'மக்களுக்குப் பயன்' என்ற காரணத்தின் மீதே அது நிற்கிறது. அப்படியாயின், பயனின்றி நிகழும் சாவுக்கு அந்த அனுமதி குடை பிடிக்காது. தேவைக்கு மிஞ்சிய வேதனையும் அந்த அனுமதிக்குள் அடங்காது. அறுப்பவர் தம் கத்தியைத் தீட்டிக் கொள்ள வேண்டும், பிராணியின் வேதனையைக் குறைக்க வேண்டும் என்று கற்றுத் தந்த பெருமானார் (ஸல்) அவர்களின் வழி இதற்கும் பொருந்தும் என்பதே நம் கருத்து. வெயிலில் காய்கின்ற கூட்டில் சாவு நாட்கணக்கில் நீள்கிறது, இழையும் கெடுகிறது. நீராவியும் வெப்பக் காற்றும் விரைவில் முடித்து விடுகின்றன. இழையும் நலமாக இருக்கிறது. உயிருக்கு இரக்கமானதே தொழிலுக்கும் இலாபமானது என்றால், பழையதைப் பிடித்துக் கொண்டிருப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

கொல்லாமலே பட்டு எடுக்க இயலாதா என்று சிலர் வினவக்கூடும். இயலும். அஸ்ஸாமிலும் மேகாலயாவிலும் ஆமணக்கு இலை தின்னும் எரி என்னும் புழு, ஒரு முனை திறந்த கூட்டையே கட்டுகிறது. பூச்சி தானே வெளியேறிய பின் கூட்டைப் பஞ்சுபோல் நூற்க முடிகிறது. ஆந்திர நாட்டின் குசும ராஜய்யா என்பார், முசுக்கொட்டைப் பட்டிலும் பூச்சியை வெளியேற விட்டு நூற்கும் முறையை 1990களிலிருந்து பரப்பி வருகிறார். இவ்வகை நூலில் மினுமினுப்புக் குறைவு, விலை மிகுதி. விரும்புவோர் வாங்கட்டும், அது பாராட்டுக்குரியதே. ஆனால் இதில் மற்றொரு பக்கமும் உண்டு. ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மனிதர் வளர்த்துப் பழக்கிய இந்தப் பூச்சிக்குப் பறக்கத் தெரியாது. உண்ண வாய் இல்லை. வெளிவந்து சில நாட்களில் மடிந்து விடும். ஒரு பெண் பூச்சி முந்நூறு முதல் ஐந்நூறு முட்டைகள் வரை இடும். அத்தனை குஞ்சுகளுக்கும் இலை போடுவோர் யார்? போடாவிட்டால் அவை பட்டினியால் மடியும். ஆகவே ஒரு சாவைத் தவிர்த்து விட்டோம் என்று மகிழ்வோர், அதைவிடப் பெருகிய சாவுக்கு வழி திறந்து விடாமலும் பார்த்துக் கொள்ள வேண்டும்.

அன்பர்களே! நம் கவலைக்கு முதன்மையாக உரியவை நூலுக்காக நிகழும் சாவுகள் அல்ல. யாருக்கும் பயனின்றி நிகழும் சாவுகளே. நோயாலும் கவனக்குறைவாலும் பேராசையாலும் மடிகின்ற புழுக்களின் கதை அது. அச்சாவுகளின் விளைவு எத்தகையது என்பதற்கு வரலாறு சான்று பகர்கிறது.

பிரெஞ்சு நாட்டின் தென்பகுதி ஒரு காலத்தில் பட்டு வளர்ப்பில் புகழ்பெற்று விளங்கிற்று. 1853ஆம் ஆண்டில் 26,000 டன் அளவிற்குக் கூடு விளைந்த அந்நாட்டில், 1865ஆம் ஆண்டில் 4,000 டன்னே விளைந்தது. காரணம், பெப்ரைன் என்னும் நோய். புழுவின் மேல் மிளகுப் பொடி தூவியது போன்ற கரும்புள்ளிகள் தோன்றும். புழு இலை தின்னாது. கூடு கட்டாமலே மடியும். குடும்பம் குடும்பமாக மக்கள் வறுமையுற்றனர். அவ்வாண்டு அங்கு அனுப்பப்பட்ட லூயி பாஸ்டர் என்னும் அறிஞர், அதற்கு முன் பட்டுப் புழுவைப் பற்றி ஏதும் அறியாதவர். ஐந்தாண்டுகள் உழைத்து, நோய்க் கிருமி தாய்ப் பூச்சியிலிருந்து முட்டை வழியாகவே இறங்குகிறது என்பதை நிலைநாட்டினார். முட்டையிட்ட தாய்ப் பூச்சியை நசுக்கி நுண்ணோக்கியில் பார்ப்பது, கிருமி இருந்தால் அதன் முட்டைகளை அழித்து விடுவது என்ற எளிய வழியை வகுத்தார். இன்று நம் நாட்டின் முட்டை உற்பத்தி நிலையங்களிலும் தாய்ப் பூச்சியைச் சோதிக்கும் அந்த முறையே கடைப்பிடிக்கப்படுகிறது. சோதிக்கப்படாத முட்டையை மலிவு என்று வாங்குகிறவர், தம் கொட்டகைக்கு மட்டுமன்றி ஊருக்கே கேட்டை வாங்கி வருகிறார்.

நம் அண்டை மாநிலத்திலும் ஒரு படிப்பினை உண்டு. மைசூர்ச் சீமைக்கு இத்தொழிலை வங்காளத்திலிருந்து கொண்டு வந்து ஊன்றியவர் திப்பு சுல்தான் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். 1782ஆம் ஆண்டில் ஆரணிக் கோட்டைக்கருகே ஆங்கிலேயரோடு பொருத ஹைதர் அலியின் மைந்தரே அவர். அவர் நட்ட அந்தத் தொழில் தழைத்தோங்கி இருந்த காலத்தில், 1980ஆம் ஆண்டு மேற்கு வங்கத்திலிருந்து வந்த கூடுகளோடு ஊஜி ஈ என்னும் பூச்சி கர்நாடகத்தில் நுழைந்தது. இந்த ஈ புழுவின் உடல் மீது முட்டையிடும். அதிலிருந்து வரும் சிறு புழு உள்ளே துளைத்துச் சென்று உயிரைக் குடிக்கும். ஒரு சுமை கூட்டைச் சோதிக்காமல் ஏற்றி அனுப்பிய கவனக்குறைவுக்காக ஆயிரக்கணக்கான வேளாண் குடும்பங்கள் இழப்புக்குள்ளாயின. வளர்ப்புக் கொட்டகையின் சன்னல்களுக்கு வலை அடிப்பதும், அந்த ஈயின் கூட்டுப்புழுவை அழிக்கும் சிறு குளவியை விடுவதும் பின்னர் வந்த பரிகாரங்கள்.

இவையன்றி, ஈரமும் குளிரும் மிகுந்த நாட்களில் பூஞ்சணம் பற்றிப் புழு சுண்ணக்கட்டி போல் இறுகிச் சாவதுண்டு. உடல் வீங்கிப் பால் போன்ற நீர் வடிந்து சாவதுமுண்டு. கொட்டகையைத் தூய்மை செய்வதும், காற்றோட்டம் விடுவதும், செத்த புழுவை உடனே அகற்றிச் சுண்ணாம்பிட்டுப் புதைப்பதும் இவற்றைப் பெரிதும் தடுக்கும். தூய்மையை ஈமானோடு இணைத்துப் பேசும் நமக்கு இதை யாரும் வற்புறுத்த வேண்டியதில்லை.

அனைத்திலும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. புழு வளர்க்கும் விவசாயி ஒருவரை யாம் ஒரு பயணத்தில் சந்தித்தோம். கூடு கட்ட இரண்டு நாட்களே இருந்த நிலையில், அவருடைய புழுக்கள் அனைத்தும் ஒரே இரவில் வாயிலிருந்து பச்சை நீர் கக்கித் துடித்து மடிந்தனவாம். நோய் ஏதும் இல்லை. அடுத்த வயல்காரர் தம் காய்கறிப் பயிருக்குப் பூச்சிமருந்து அடித்திருக்கிறார். காற்று அதை இவருடைய முசுக்கொட்டை இலையின் மேல் கொண்டு சேர்த்திருக்கிறது. "ஒரு சொல் சொல்லியிருந்தால் இலையை முன்னமே பறித்து வைத்திருப்பேன்" என்று அவர் கூறியபோது கண் கலங்கினார். புகையிலைத் தோட்டத்தின் அருகிலும் முசுக்கொட்டை நடலாகாது. அதன் நஞ்சு புழுவுக்கு ஆகாது. புதிதாக வந்துள்ள சில மருந்துகளோ, மிகச் சிறு அளவில் இலையில் பட்டாலும் புழுவைக் கொல்லாமல் கூடு கட்டவொட்டாமல் செய்துவிடும். உழவன் இலை போட்டுக்கொண்டே இருப்பான், கூடு வராது.

அண்டை வீட்டாருக்கு நாம் செய்ய வேண்டிய கடமையைப் பற்றி எத்தனை பயான்கள் கேட்டிருக்கிறோம்! தன் தீங்கிலிருந்து அண்டை வீட்டார் அச்சமற்றிராத வரை ஒருவர் முழுமையான விசுவாசியாக மாட்டார் என்ற நபிமொழி, வீட்டுச் சுவருக்கு மட்டும் உரியதா? வயல் வரப்புக்கு உரியதில்லையா? மருந்தடிப்பதற்கு முந்திய நாள் அண்டை வயல்காரருக்குச் சொல்லிவிடுவதற்குக் காசு செலவாகாது. ஒரு சொல் போதும். பல்லாயிரம் உயிரும் ஒரு குடும்பத்தின் ஒரு மாத உழைப்பும் பிழைத்துக் கொள்ளும்.

கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ கர்நாடகத்தின் ஓர் ஊரிலோ ஒரு கொட்டகையில் புழு மடிந்தால், ஆரணிக்கு என்ன என்று கேட்கலாகாது. கூடு குறைந்தால் சந்தையில் அதன் விலை ஏறும். கூட்டின் விலை ஏறினால் நூல் விலை ஏறும். நூல் விலை ஏறினால் தறிக்குப் பாவு கொடுப்பவர் கையைச் சுருக்குவார். பாவு அறுத்த தறிக்காரர் அடுத்த பாவுக்கு வாரக்கணக்கில் காத்திருப்பார். காத்திருக்கும் நாளுக்குக் கூலி கிடையாது. எங்கோ ஒரு புழு இலை தின்னாமல் தலை சாய்த்ததன் விளைவு, ஈங்கொரு வீட்டில் குழந்தையின் பாலைக் குறைக்கிறது. படைப்பினங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு நெருங்கப் பிணைக்கப்பட்டிருக்கின்றன என்பதைச் சிந்திப்பவர்க்கு இதில் சான்றுண்டு.

இனி, வாங்குகின்ற நம்மைப் பற்றியும் பேச வேண்டும். பட்டு பெண்களுக்கு ஆகுமானது, ஆண்களுக்கு விலக்கப்பட்டது. சொறி நோயால் வருந்திய அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி), ஸுபைர் (ரலி) ஆகிய இரு தோழர்களுக்கு மட்டும் பெருமானார் (ஸல்) அவர்கள் சலுகை அளித்தார்கள் என்பது வரலாறு. தேவை என்றால் என்ன, பகட்டு என்றால் என்ன என்பதற்கு இதனினும் தெளிவான அளவுகோல் வேண்டுமா? இந்தச் சட்டத்தை மதித்த நம் முன்னோர், பட்டுப் பாவில் பருத்தி ஊடை கோத்து, உடம்பில் பருத்தி படும்படி ஒரு துணியையே நெய்தார்கள். அனுமதிக்கப்பட்டது என்னும் பொருளில் அதற்கு 'மஷ்ரூ' என்று பெயர். குஜராத்தில் அது இன்றும் நெய்யப்படுகிறது. ஆனால் இன்று நம் நிக்காஹ் மேடைகளில் மாப்பிள்ளை அசல் பட்டுச் சட்டையில் வீற்றிருக்கக் காண்கிறோம். யாரும் கேட்பதில்லை, ஜமாஅத்தாரும் வாய் திறப்பதில்லை.

பெண்மக்களுக்கும் ஒரு சொல். ஆகுமானது என்பதால் அளவில்லை என்று பொருளல்ல. நிச்சயத்திற்கு ஒன்று, நிக்காஹ்வுக்கு ஒன்று, வலீமாவுக்கு ஒன்று, சீர்வரிசைத் தட்டில் வைக்க நான்கு என்று பட்டியலிட்டு, பெண்ணைப் பெற்றவரைக் கடனாளியாக்கி வாங்கிய சேலைகள் பெட்டிக்குள் மடிப்புக் கிழிந்து கிடக்கின்றன. ஈராயிரம் உயிர் ஈந்த இழை, ஒரு நாள் கூட உடுத்தப்படாமல் அந்துப்பூச்சிக்கு இரையாகிறது. 'மக்களுக்குப் பயன்' என்றல்லவா நம் இமாம்கள் அனுமதி தந்தார்கள்? உடுத்தப்படாத சேலையால் யாருக்குப் பயன்? இதனால் நெசவாளர் பிழைப்புக் கெடுமோ எனில், கெடாது. நான்கு மலிவுச் சேலைக்குப் பேரம் பேசும் பணத்தில், நன்றாக நெய்த ஒன்றை உரிய விலை கொடுத்து வாங்கிப் பல்லாண்டு உடுத்தினால், தறிக்காரரின் கூலியும் உயரும், உயிரும் வீணாகாது. பட்டென்று பெயரிட்டுப் போலி இழை கலந்து விற்பவனோ, வாங்குபவரையும் நெய்தவரையும் ஒருங்கே மோசடி செய்கிறான்.

தொழிலில் இருப்போர் கவனிக்கவும் சில உண்டு. இழை எடுத்த பின் எஞ்சும் கூட்டுப்புழுவில் எண்ணெயும் புரதமும் மிகுதி. கோழிக்கும் மீனுக்கும் அது நல்ல தீவனம். அதைத் தெருவோரம் கொட்டி நாற விடுவது இரட்டைக் குற்றம். உயிரையும் வீணாக்கி, ஊரார் நலத்தையும் கெடுப்பதாகும்.

அந்த இளைஞரிடம் இறுதியாகக் கூறியது இதுதான்: "தம்பி! வேலையை விட வேண்டாம். எடையில் குறை வைக்காதீர்கள். சோதித்த நூலையும் கலப்பில்லாத நூலையும் விற்கச் சொல்லி உங்கள் முதலாளியிடம் பணிவோடு எடுத்துச் சொல்லுங்கள். உங்கள் தங்கையின் நிக்காஹ்வுக்கு ஒரு சேலை எடுங்கள், ஒன்றே எடுங்கள். அதை அவள் பல்லாண்டு உடுத்தட்டும். மாப்பிள்ளைக்குப் பருத்தி எடுங்கள்." அவர் புன்முறுவலோடு விடைபெற்றார். அவர் உள்ளத்தில் எழுந்த கேள்வி நம் உள்ளங்களிலும் எழ வேண்டும் என்பதற்காகவே இதை எழுதினோம்.

நம் கையால் மாயும் உயிருக்கும் நம் அலட்சியத்தால் மாயும் உயிருக்கும் கேள்வி கணக்கு உண்டு என்ற அச்சத்தை எல்லாம் வல்ல இறைவன் நமக்குத் தந்தருள்வானாக! தறியில் அமர்ந்திருப்போரின் வாழ்வில் பரக்கத்தையும், வாங்குவோரின் நெஞ்சில் போதுமென்ற மனத்தையும் நல்குவானாக! ஆமீன்.